கடல் நாலு மணிக்குத்தான் வரும்

1

அரிசி களைந்த தண்ணீரைச் சமையலறைத் தொட்டியில் சாய்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளையாக ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு ஓட்டைக்குள் களக்கென்று இறங்கிப் போனது. அப்போதுதான் அந்த யோசனை வந்தது. இந்தத் தண்ணீர் எங்கே போகிறது? சாக்கடைக்கு. சாக்கடை தேம்ஸ் நதிக்கு. தேம்ஸ் கடலுக்கு. கடல் என்பது எங்கே போனாலும் ஒரே கடல்.

"செல்வி, நாம கடலுக்குப் போலாம்டி" என்றேன்.

செல்வி எனக்குப் பின்னால் ஃப்ரிட்ஜில் சாய்ந்து நின்றிருந்தாள். அதற்குச் சற்று முன்புதான் அவள் வேறொன்றைச் சொல்லி முடித்திருந்தாள். மேனேஜருக்கு ஒரு மெயில் எழுதித் தரவேண்டும். வேலையை விடுகிறேன், ஊருக்குப் போகிறேன் என்று.

"நான் என்ன சொல்றேன், நீ என்னடி சொல்ற?" என்றாள்.

நானும் செல்வியும் ஏற்காட்டுப் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. என் அப்பா சேலத்திலிருந்து மலையேறி வந்து பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே மளிகைக்கடை போட்டவர். செல்வி அதே மலையில் தலைச்சோலை என்ற ஊர்க்காரி. அவளுடைய அப்பா ஒரு எஸ்டேட்டில் மிளகு பறிப்பவர். சில்வர் ஓக் மரங்களில் கொடி ஏறியிருக்கும். ஒற்றை மூங்கிலைச் சாய்த்து வைத்து, கணுவில் கால் பதித்து ஏறிப் பறிக்க வேண்டும். நாங்கள் மலையில் எத்தனை வருடம் குடியிருந்தாலும் மலைக்காரர்களுக்குக் கீழ்நாட்டுக்காரர்கள்தான். செல்விக்குக் கோபம் வந்தால் என்னை அந்தப் பெயரில்தான் கூப்பிடுவாள்.

மேற்படிப்புக்கு லண்டன் வந்தவள் நான். படித்து முடித்துக் கணினி வேலையில் ஒட்டிக்கொண்டேன். செல்வி சேலத்தில் நர்சிங் படித்துவிட்டு, இரண்டு வருடம் கழித்து ஒரு முதியோர் இல்லத்துப் பராமரிப்பு வேலைக்கு வந்து சேர்ந்தாள். கிழக்கு லண்டனில் ஒரு தமிழ்க் குடும்பத்தின் மாடியில் ஆளுக்கோர் அறை. நான் ஓயாமல் பேசுவேன். அவள் ஒரு சொல்லில் என்னை நிறுத்துவாள். எங்கள் சிநேகம் அவ்வளவுதான்.

இந்த மாசியில் அவள் அப்பா இறந்துபோனார். பனி ஈரத்தில் மூங்கில் கணு வழுக்கியிருக்கிறது. எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர்தான் போன் செய்து சொன்னார். செல்வியின் விசா நீட்டிப்புக்கு அப்போதுதான் விண்ணப்பம் போட்டிருந்தோம். முடிவு வருவதற்குள் நாட்டை விட்டு வெளியே காலடி வைத்தால், விண்ணப்பத்தை நீயே திரும்பப் பெற்றுக்கொண்டதாக அரசாங்கம் எடுத்துக்கொள்ளும். பிறகு உள்ளே வர முடியாது. உதவி எண்ணுக்குப் போன் செய்து கேட்டேன். "தந்தை இறந்ததற்கு மிகவும் வருந்துகிறோம். இது உங்கள் சொந்த முடிவு" என்றார்கள். முடிவெடுக்க வேண்டியவர்கள் அவர்கள் என்றல்லவா நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

அவள் போகவில்லை. சித்தப்பா மகன் பிடித்திருந்த செல்போனில் அப்பாவின் கடைசி ஊர்வலத்தைப் பார்த்தாள். சரிவில் இறங்கும்போது சிக்னல் போய், நான்கு பேருடைய தோள்களும் ஒரு பூமாலையின் ஓரமும் தெரிந்த இடத்தில் படம் உறைந்துவிட்டது. உறைந்த படத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். போனில் சார்ஜ் தீர்ந்து அது அணையும்வரை. அழவில்லை.

ஏழு மாதம் ஆகிவிட்டது. விண்ணப்பம் இன்னும் பரிசீலனையில்தான் இருக்கிறது.

யாராவது உடைந்து நின்றால் ரயில் நேரம் பார்க்கிற மூளை எனக்கு. மெயிலை என் போனிலேயே எழுதினேன். ஆனால் அனுப்பவில்லை. "ஞாயித்துக்கெழம கடலுக்குப் போயிட்டு வந்து அனுப்பலாம். அப்பாவுக்குச் செய்ய வேண்டியதக் கடல்ல செஞ்சுட்டா உனக்கே மனசு மாறும்" என்றேன்.

"மாறலீன்னா?"

"ரயில்லயே அனுப்பிடறேன்."

"சரி" என்றாள். நான் எதிர்பார்க்காத அளவுக்குச் சீக்கிரமாக.

2

மெயில் கேட்கும் அளவுக்கு அன்று என்ன நடந்தது என்று சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் ஒரு சொல்லைப் பற்றி.

நாங்கள் குடியிருக்கும் வீட்டில் ஒரு சின்னப்பெண் இருக்கிறாள். இங்கேயே பிறந்தவள். பள்ளிக்குக் கிளம்பும்போது "பை" என்பாள். அம்மா விடமாட்டார். "போயிட்டு வர்றேன்னு சொல்லு" என்பார் தினமும். ஒரு நாள் அது திரும்பி நின்று, அரைகுறைத் தமிழில் கேட்டது: "நான் போறேன். ஏன் வர்றேன்னு சொல்லணும்? அது பொய்தானே?" அம்மா அதன் தலையைக் கோதி வெளியே அனுப்பினார். அந்தக் குழந்தைக்கு நாங்கள் பேசுவது ஏதோ புதிர் விளையாட்டு. இன்னும் கொஞ்ச நாளில் அதுவும் சலித்து, "பை"யோடு நின்றுவிடும்.

உங்களுக்குத் தெரியும், நாம் 'வர்றேன்' சொல்லாமல் கிளம்பும் வீடு ஒன்றே ஒன்றுதான். எழவு கேட்கப் போன வீடு. துக்கத்தில் இருப்பவரின் கையைத் தொட வேண்டும். கொஞ்ச நேரம் உட்கார வேண்டும். எழுந்து, ஒன்றும் சொல்லாமல், திரும்பிப் பார்க்காமல் நடந்துவிட வேண்டும். 'வர்றேன்' என்றால் இப்படி ஒன்றுக்கு மறுபடியும் வருகிறேன் என்று ஆகிவிடும்.

செல்வியின் அப்பா இறந்த செய்தியைக் கேட்டதும் மேனேஜரம்மா அவளைக் கட்டிப்பிடித்திருக்கிறார். நல்ல மனுசிதான். தேநீர் கொடுத்து, அன்றைக்கு வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார். வாசலில் கை அசைத்து, "ஸீ யூ மண்டே, டார்லிங்!" என்றும் சொல்லியிருக்கிறார். செல்வி நடுங்கிப்போய் வந்தாள். "சாவு சேதியச் சொல்லிட்டு நிக்கறேன். திங்கக்கெழம பாக்கலாம்ங்கறாங்கடி."

மெயில் கேட்டதற்கு முந்தைய வாரம். அவள் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் இல்லத்தில் இறந்துபோனார். மகள் எங்கோ தொலைவிலிருந்து வந்து சேர்வதற்குள் உயிர் போய்விட்டது. செல்வி அந்த மகள் பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டிருக்கிறாள். வேலை நேரம் முடிந்ததும் எழுந்து, ஒரு வார்த்தை பேசாமல், திரும்பிப் பார்க்காமல், நேராக நடந்து வெளியே வந்துவிட்டாள். தான் செய்ததிலேயே மரியாதையான காரியம் அதுதான் என்று நினைத்திருக்கிறாள்.

புகார் வந்தது. "என் அப்பாவின் உடலுக்குப் பக்கத்தில் என்னை விட்டுவிட்டு, ஒரு 'பை' கூடச் சொல்லாமல் வெளியேறினார்" என்று.

மேனேஜரம்மா கூப்பிட்டு விசாரித்தார். செல்வி விளக்கப் பார்த்திருக்கிறாள். 'எங்க ஊர்ல சொல்ல மாட்டோம்' என்பதை அவளுடைய ஆங்கிலத்தில் "இன் மை பிளேஸ் வீ டோண்ட் ஸே" என்று சொல்ல, அவர்கள் ஊரில் இரக்கம் தெரிவிக்கும் பழக்கம் இல்லை என்று அவருக்குப் புரிந்திருக்கிறது. கணினியில் ஒரு பயிற்சி கொடுத்துவிட்டார்கள். 'பிரிவின்போது கனிவு'. கேள்விக்குச் சரியான விடையை அமுக்க வேண்டும். கிளம்பும்போது நீங்கள் என்ன செய்வீர்கள்? கண்ணைப் பார்த்து, பெயர் சொல்லி, விடைபெறுவேன்.

"எல்லாக் கேள்விக்கும் சரியாத்தான் அமுக்கினேன்" என்றாள் அன்று மாலை, ஃப்ரிட்ஜில் சாய்ந்துகொண்டு. "பாஸ். அப்பறம் பாத்ரூம்ல போயி நின்னுக்கிட்டேன். போதும்டி. எங்கூட்டுக்குப் போறேன். எங்கம்மாகிட்ட ஒரு நாளு உக்காந்து அழுதாப் போதும்."

அதன் பிறகுதான் மெயில், அரிசித் தண்ணீர், கடல்.

3

ஞாயிறு காலை பார்க்கிங் நிலையத்தில் சவுத்எண்ட் ரயிலைப் பிடித்தோம். பார்க்கிங் என்பது ஊர்ப் பெயர். செல்வி வந்த புதிதில், வண்டி நிறுத்துமிடத்துக்கு எதற்கு இவ்வளவு பெரிய ஸ்டேஷன் என்று கேட்டவள்.

எல்லாம் என் ஏற்பாடு. எலுமிச்சைச் சாதம், பச்சரிசி, எள், ஒரு சின்னச் செம்பு, வாழையிலைக்குப் பதிலாக வாழையிலைப் படம் போட்ட காகிதத் தட்டு. ஊரில் டீக்கடைக்காரர் வீட்டு அண்ணன் ஒருவர் தன் அப்பாவுக்குப் பவானி கூடுதுறையில் காரியம் செய்ததைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். அந்த ஞாபகத்தை வைத்தே ஒரு சடங்கைத் தயாரித்திருந்தேன். காவிரி கடலில் சேர்கிறது, தேம்ஸும் கடலில் சேர்கிறது, நடுவில் தடுப்பு ஒன்றும் இல்லை என்று அவளுக்கு வரைபடத்தில் காட்டினேன்.

"இங்க ரயில்காரங்க லண்டனுக்குப் போற வண்டிய 'மேலே'ன்னும், லண்டன விட்டு வெளிய போறத 'கீழே'ன்னும் சொல்லுவாங்களாம்டி. எந்த மேடு பள்ளமா இருந்தாலும். அப்ப நாம இப்பக் கீழ போறோம்."

"கீழன்னா சேலந்தான்" என்றாள் செல்வி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு. மலையில் அப்படித்தான். கீழே போயிருக்கிறான் என்றால் வேறு கேள்வியே கிடையாது.

வீடுகள் குறைந்து புல்வெளி வந்தது. வானம் கழுவாத பாத்திரம்போல இருந்தது. ஏதோ ஒரு நிலையம் தாண்டியதும் வலப்புறம் நீளமாகச் சாம்பல் நிறச் சேறு. அதில் படகுகள் ஒருக்களித்துப் படுத்துக் கிடந்தன. ஒன்றல்ல, நிறைய.

"எல்லாம் ஒடஞ்சதா?" என்றாள் செல்வி.

"பழைய படகப் போடற எடமா இருக்கும்" என்றேன். எனக்குத் தெரியாதது என்று ஒன்றை ஒப்புக்கொண்டு பழக்கமில்லை.

எதிர் இருக்கையில் ஒரு குடும்பம் வாளியும் சிறு மண்வெட்டியுமாக உட்கார்ந்திருந்தது. செல்வி மடியில் எள் பொட்டலத்தை வைத்துக்கொண்டிருந்தாள். அவர்களும் நாங்களும் ஒரே கடலுக்குத்தான் போகிறோம் என்று நினைத்துக்கொண்டேன்.

4

நிலையத்திலிருந்து கடைத்தெரு வழியாக நடந்து, சரிவின் உச்சிக்கு வந்து பார்த்தால், கடல் இல்லை.

நான் மிகைப்படுத்தவில்லை. கடற்கரை இருந்தது. கைப்பிடிச் சுவர், பெஞ்சுகள், பொரித்த மீன் வாசனை, காசு போட்டு விளையாடும் கடைகளின் சத்தம், கடலுக்குள் நீண்டு போகும் மரப்பாலம், எல்லாம் இருந்தன. தண்ணீர் மட்டும் கிடையாது. பாலத்தின் கால்கள் சேற்றில் நின்றன. கண்ணுக்கு எட்டிய வரை பழுப்புச் சேறு, அங்கங்கே குட்டை, அதில் நடந்து மேயும் பறவைகள். அதற்கெல்லாம் அப்பால், தொலைவில் ஒரு வெள்ளைக் கோடு. அது கடலாகவும் இருக்கலாம். மேகமாகவும் இருக்கலாம்.

"ஏன்டி" என்றாள் செல்வி. "கடலுன்னு சொன்ன?"

"மேப்புல நீலமாத்தான்டி இருக்கு." போனை எடுத்துக் காட்டினேன். நாங்கள் நின்ற இடத்துக்கு முன்னால் நல்ல நீலம்.

"மேப்புல குளிக்கவா?"

ஐஸ்கிரீம் விற்கும் ஒரு தடித்த மனிதரிடம் போய்க் கேட்டேன், கடல் எங்கே என்று. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "டைட்ஸ் அவுட், லவ்" என்றார்.

"டைட் சோப்புத்தூள் தீந்துபோச்சுங்கறானா?" என்றாள் செல்வி.

பொறுமையாக மறுபடி சொன்னார். கடல் வெளியே போயிருக்கிறது. நாலு மணிக்கு வரும். தினம் இரண்டு முறை போய் இரண்டு முறை வரும்.

ரயில் நேரம், நடைபாதை, கழிப்பறை இருக்கும் இடம், மழை வாய்ப்பு எல்லாம் பார்த்து வைத்திருந்தேன். கடல் ஓரிடத்தில் இருக்காது என்பது மட்டும் எனக்குத் தெரியாது. பள்ளியில் ஓதம் என்று படித்திருக்கிறோம், மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறோம். அது கால் முழம் ஏறி இறங்கும் விஷயம் என்று நினைத்திருந்தேன். கடலே ஊரை விட்டுக் கிளம்பிப் போகும் என்று மலையில் பிறந்தவளுக்கு எப்படித் தெரியும்?

"நாலு மணிக்கு வருமாமா?" செல்வி சிரித்தாள். ஏழு மாதத்தில் நான் பார்த்த முதல் சிரிப்பு. நல்ல சிரிப்பாக இல்லை. "அடிவாரத்துலேர்ந்து பஸ் வருதுங்கற மாதிரியே சொல்றாரு. எனக்குச் சாயங்காலம் டூட்டி. மூணரைக்கு வண்டி ஏறணும்."

"இந்தக் குட்டையில இருக்கறதும் கடல் தண்ணிதான். இங்கயே செஞ்சுடலாம். அப்பாவோட அஸ்தி காவேரியில போயி..."

"என்ன அஸ்தி?"

நான் நிறுத்தினேன்.

"எங்கூட்டுல பொதைக்கறதுடி" என்றாள். சத்தமே இல்லாமல். "எங்கப்பன மண்ணுல பொதைச்சாங்க. எந்தத் தண்ணியிலயும் எதையும் வுடல. கீழ்நாட்டுக்காரிக்கு எல்லாத்துக்கும் ஒரு ஆறு வேணும்."

ஏழு மாதம் பக்கத்து அறையில் இருந்திருக்கிறேன். செல்போன் படம் உறைந்த இடத்துக்கு அப்புறம் என்ன நடந்தது என்று நான் கேட்கவே இல்லை. கேட்காமலேயே மீதியை என் வீட்டு வழக்கப்படி முடித்து வைத்துக்கொண்டேன்.

"அப்ப ஏன்டி வந்த?"

"கடலப் பாக்கலாம்னு வந்தேன். பொறந்ததுலேர்ந்து பாத்ததில்ல." சேற்றைக் காட்டினாள். "அதுவும் இல்ல."

5

தேநீர் வாங்க அதே ஐஸ்கிரீம் கடைக்குத் திரும்பிப் போனேன். வேறென்ன செய்வது என்று தெரியவில்லை. இரண்டு கோப்பைகளோடு திரும்பினால் பெஞ்சில் செம்பும் எள் பொட்டலமும் அவளுடைய காலணிகளும் மட்டும் இருந்தன. காலணிகள் ஒழுங்காகச் சேர்த்து வைக்கப்பட்டிருந்தன.

சேற்றில் தொலைவில் ஒரு நீல ஸ்வெட்டர் போய்க்கொண்டிருந்தது. அந்த வெள்ளைக் கோடு தெரிந்த பக்கம், நேராக. திரும்பிப் பார்க்காமல்.

'வர்றேன்' என்று சொல்லவில்லை.

பக்கத்துக் கடைக்குப் போவதற்குக்கூடச் சொல்கிறவள் அவள். குளிக்கப் போனால்கூட "இரு, வந்தர்றேன்" என்பாள். கோப்பைகளைப் பெஞ்சில் வைத்தேன். ஐஸ்கிரீம்காரர் கடையை விட்டு வெளியே வந்து பார்த்தார். "உன் தோழியா? திரும்பச் சொல். தண்ணீர் முன்னால் இருந்து மட்டும் வராது. ஓடைகள் வழியாக முதுகுப் பக்கம் வந்து நிறையும்" என்றார். இப்போது சிரிக்கவில்லை.

நான் ஓடினேன். சேற்றில் ஓட முடியாது. முதலில் கணுக்கால், அப்புறம் பாதி முழங்கால். வலது ஷூவைச் சேறு பிடுங்கிக்கொண்டது. நான் அதைத் தேடவில்லை. "செல்வி! ஏய் செல்வி!" காற்று என் குரலை என் முகத்திலேயே அடித்தது. ஒரு மனுசி அப்பாவைப் புதைத்த இடத்தைப் பார்க்காமல், அழாமல், பயிற்சியில் பாஸ் ஆகி, காலணிகளைச் சேர்த்து வைத்துவிட்டு நடக்கிறாள். இதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு ஒன்றுதான் தோன்றியது. அதை இங்கே எழுதவில்லை.

ஒருக்களித்துக் கிடந்த ஒரு படகின் பக்கத்தில் நின்றிருந்தாள். படகில் கையை ஊன்றிக்கொண்டு, காதில் போன்.

"...கடல்ல இருக்கேம்மா."

நான் மூச்சு வாங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். என்னைப் பார்த்ததும் ஸ்பீக்கரில் போட்டாள்.

"கடல்லயா?" அங்கே மாலை நேரம். பின்னால் ஏதோ சேவல் கூவிக்கொண்டிருந்தது. "தண்ணியில நிக்காத சாமி. உனக்கு நீச்சத் தெரியாது."

"தண்ணியே இல்லம்மா."

"தண்ணி இல்லாத கடலா? யாரு கூட்டிட்டுப் போனது, அந்தக் கடைக்காரரு புள்ளயா?"

"நாந்தாங்க அம்மா" என்றேன்.

"ஏங் கண்ணு, ஊரு உலகத்துல தண்ணி இருக்கற கடலாப் பாத்துக் கூட்டிட்டுப் போகக்கூடாதா?"

செல்வி போனைத் தன் வாய்ப்பக்கம் திருப்பினாள். "அம்மா, நான் வந்தர்றேன். வேலைய வுட்டுட்டு ஒரேயடியா நம்ம ஊட்டுக்கே வந்தர்றேன்."

அந்தப் பக்கம் சேவல் இரண்டு முறை கூவியது.

"வேண்டாங் கண்ணு."

"ஏம்மா?"

"ஊடு இல்ல சாமி" என்றார் அம்மா. "எஸ்டேட்டுல உங்கப்பன் பேர்ல குடுத்த லைன் ஊடுதான? ஆளு போயிட்டா வேற ஆளுக்குக் குடுக்கறதுதான வழக்கம். ரைட்டரு நல்லமாதிரிதான் சொன்னாரு. சித்திரையிலயே சாமானத் தூக்கிட்டு உங்க மாமன் ஊட்டுக்குக் கரடியூரு வந்துட்டேன். உனக்குச் சொன்னா வேலையப் போட்டுட்டு ஓடியாருவேன்னுதான் சொல்லல."

"இத்தன நாளு போன்ல... அடுப்பங்கரையில இருக்கேன்ன..."

"இந்த ஊட்லயும் அடுப்பங்கர இருக்குதுல்ல?"

செல்வியின் பாதத்துக்குப் பக்கத்தில், சேற்றில் இருந்த சின்னப் பள்ளத்தில், தண்ணீர் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. நான் பார்த்தேன். அவள் பார்க்கவில்லை.

"ஒண்ணுதான் மனசுக்கு நொம்பச் சங்கடமா இருக்குது" என்றார் அம்மா. "எழவு கேக்க வர்றவிய, தூரந்தொலவுலேர்ந்து பஸ்ஸேறி வர்றவிய, நேரா தலைச்சோலைக்குப் போயிடறாங்க. அங்க வேற ஆளு குடியிருக்குது. அவங்க கையப் போயித் தொட முடியுமா? வாசல்ல நின்னு பாத்துட்டு அப்படியே திரும்பிடறாங்களாம். நாலு பேரு சொல்லித்தான் தெரியும். கைதொடாத எழவா நிக்குது உங்கப்பனோடது."

அப்போதுதான் செல்வி அழுதாள். எப்படி அழுதாள் என்று எழுத எனக்குத் தெரியவில்லை. படகின் வயிற்றில் நெற்றியை வைத்துக்கொண்டு, வாயைத் திறந்து, மலைச்சரிவில் பெண்கள் அழுகிற அந்தக் குரலில். போனிலும் அதே குரல் எழுந்தது. இரண்டு குரல்களுக்கும் நடுவில் நான் செம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆமாம், செம்பைத் தூக்கிக்கொண்டுதான் ஓடியிருக்கிறேன்.

கரையில் ஐஸ்கிரீம்காரர் இரண்டு கைகளையும் ஆட்டிக்கொண்டிருந்தார். ஓடைகளில் பழுப்பு நீர் சத்தமில்லாமல் ஓடிவந்தது. செல்வியின் கையைப் பிடித்து இழுத்தேன். வந்தாள். ஓர் இடத்தில் தொடை வரை தண்ணீர். மலைக்காரிகள் இரண்டு பேர், ஒருத்திக்கும் நீச்சல் தெரியாது, ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு அதைக் கடந்தோம். செல்வி பிறந்ததிலிருந்து முதல்முறையாகக் கடலைத் தொட்டது அங்கேதான். கீழே பார்க்கக்கூட நேரமில்லை.

கரையேறி உட்கார்ந்ததும் கேட்டேன். "ஏன்டி சொல்லாமப் போன?"

புரியாமல் பார்த்தாள்.

"வர்றேன்னு சொல்லல நீ."

"துக்கத்துல கெளம்பற எடத்துல சொல்லுவாங்களா?" என்றாள், இவ்வளவு படித்தும் இது தெரியாதா என்பதுபோல. "நீதான எங்கப்பனுக்குச் செய்யறேன்னு கூட்டியாந்த."

ஐஸ்கிரீம்காரர் எதுவும் பேசாமல் இரண்டு கோப்பைத் தேநீரைப் பெஞ்சில் வைத்துவிட்டுப் போனார். காசு வாங்கவில்லை.

6

திரும்பும் ரயிலில் என் ஒரு காலில் ஷூ இல்லை. எங்கள் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. சேறு காய்ந்து இருக்கையில் உதிர்ந்துகொண்டே இருந்தது.

"அந்த மெயில அழிச்சுடு" என்றாள் செல்வி.

அழித்தேன். இந்தப் பயணத்தின் நோக்கமே அதுதான். நான் நினைத்தபடி நடந்துவிட்டது. இப்படி நடக்கும் என்று மட்டும் நான் நினைக்கவில்லை. அவள் இங்கே இருக்கப் போகிறாள். இருக்க ஆசைப்பட்டு இல்லை. போவதற்கு ஒரு கதவு இல்லாததால்.

கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னாள்: "நீ மார்கழியில ஊருக்குப் போறதான? உனக்குத்தான் விசா சுத்தமா இருக்கே."

"ஆமா."

"கரடியூருக்குப் போ. எங்கம்மா கையத் தொடு. எனக்குப் பதிலாத் தொடு. கொஞ்ச நேரம் உக்காரு. அப்பறம் எந்திரிச்சு, ஒண்ணும் சொல்லாம, திரும்பிப் பாக்காம வந்துரு."

"சரிடி."

"வாயத் தொறக்காத."

"சரிடி."

"உன்னால முடியாது" என்றாள். கண்ணை மூடிக்கொண்டு ஜன்னலில் சாய்ந்தாள். தூங்கிவிட்டாள்.

அவள் தூங்கும்போதுதான் அது வந்தது. காலையில் சேறாக இருந்த இடமெல்லாம் தண்ணீர். ரயில் பாதைக்குப் பக்கத்திலேயே, அகலமாக, ஈயநிறத்தில். உடைந்தவை என்று நான் சொன்ன படகுகள் எல்லாம் எழுந்து நிமிர்ந்து நின்று ஆடிக்கொண்டிருந்தன. அவளை எழுப்பக் கையைக் கொண்டுபோனேன். அவள் முகத்தில் காய்ந்த சேறும் உப்பும் கோடாக இறங்கியிருந்தன. எழுப்பவில்லை.

பார்க்கிங்கில் இறங்கினோம். அவள் இல்லத்துக்குப் போகும் பஸ் வந்தது. மாற்று உடுப்பு அங்கேயே இருக்கிறது, கழுவிக்கொண்டு வேலைக்கு ஏறிவிடுவேன் என்றாள். படியில் ஏறியவள் திரும்பி, என் கண்ணைப் பார்த்து, பெயர் சொல்லி, அந்த மேனேஜரம்மாவின் குரலிலேயே, "ஸீ யூ லேட்டர், நிவேதா டார்லிங்" என்றாள். நான் சிரித்தேன். கதவு மூடிக்கொண்டது.

விமானச் சீட்டு போட்டாகிவிட்டது. மார்கழியில் ஊருக்கு வருகிறேன். அப்பாவின் கடைக்குக்கூடப் போகுமுன் கரடியூருக்குப் பஸ் ஏற வேண்டும். செல்வியின் அம்மா என்னைப் பார்த்ததும், "தண்ணி இல்லாத கடலக் காட்டுனவ வந்துட்டியா" என்று ஆரம்பிப்பார். நான் பதில் பேசக்கூடாது. கையைத் தொட வேண்டும். செல்வியின் கை என்று அவருக்குத் தெரிகிற மாதிரித் தொட வேண்டும். அதற்கு எவ்வளவு அழுத்த வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. செல்வியிடம் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

சொல்லாமல் கிளம்புவதைத்தான் இப்போது பழகிக்கொண்டிருக்கிறேன். எவ்வளவு கஷ்டம் என்று செய்து பார்த்தால் தெரியும். நேற்றுக் காலை வேலைக்குக் கிளம்பும்போது உதட்டைக் கடித்துக்கொண்டு படியிறங்கினேன். வாசல் வரை வந்துவிட்டேன். கீழ்வீட்டுச் சின்னப்பெண் ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தது. நிமிர்ந்து பார்த்து, "அக்கா, நீங்க வர்றேன் சொல்லல" என்றது, தமிழிலேயே.

"வர்றேன்டா" என்று சொல்லிவிட்டேன்.

இன்றைக்கு மறுபடி முயல வேண்டும்.